சைகோனில் இறங்குகிறவர்களுக்கு: அந்த இரண்டு நீல நோட்டுகள்

வியட்நாம் விசாவில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. அரசாங்கத் தளத்திலேயே இ-விசா போடலாம், ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். அதே மாதிரி தோற்றம் காட்டும் ஏஜென்ட் தளங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே போய் இரண்டு மூன்று மடங்கு அழாதீர்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் தொல்லை உண்டு, அப்பா பெயர் எங்கே, நம் பெயர் எங்கே என்று குழம்பாமல் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள். போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது அங்கே சட்டம், பதற வேண்டாம். சரி, இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது பணத்தைப் பற்றி.

ஹோ சி மின் நகரத்தில், அதாவது பழைய சைகோனில், நான் இறங்கியது நடு ராத்திரி. முதுகில் பன்னிரண்டு கிலோ பை, போனில் சிம் இல்லை. ஏடிஎம்மில் இருபது லட்சம் டாங் (அதுதான் வியட்நாம் பணம்) எடுத்தேன், நான்கே நோட்டுகள், எல்லாம் ஐந்து லட்சம். இருபது லட்சத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிற சுகம் வாழ்க்கையில் வேறு எங்கே கிடைக்கும்! வாசலில் கூப்பிட்ட ஒரு டாக்சியில் ஏறினேன். விடுதி வந்ததும் 1,70,000 என்றார். ஒரு ஐந்து லட்சத்தை நீட்டினேன். அவர் வாங்கிக் குனிந்து என்னவோ தேடினார், நிமிர்ந்தபோது கையில் இருந்தது இருபதாயிரம். "நீ கொடுத்தது இதுதான்" என்று முகத்தில் சிரிப்போடு காட்டுகிறார். நானோ அரைத்தூக்கத்தில் "சாரி சாரி" என்று மன்னிப்பு வேறு கேட்டு, அந்த இருபதாயிரத்தோடு இன்னொரு ஐந்து லட்சத்தைக் கொடுத்து, மீதி மூன்றரை லட்சத்தை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லி இறங்கினேன். படுக்கையில் விழுந்த பிறகுதான் உறைத்தது: நான்கு நோட்டுமே ஐந்து லட்சம், இருபதாயிரம் என் கைக்கு எப்படி வந்திருக்கும்? 4,80,000 போச்சு. நம் காசுக்கு ஆயிரத்து அறுநூறு சொச்சம். தொகையைவிட அந்த மன்னிப்புதான் இன்னும் எரிகிறது.

இருபதாயிரம், ஐந்து லட்சம் நோட்டுகள் இரண்டுமே நீலம், இரண்டுமே வழவழ பிளாஸ்டிக், இரண்டிலும் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் முகம். ஐந்து லட்சம் கொஞ்சம் நீளம், ஆனால் ராத்திரி கார் வெளிச்சத்தில் அது தெரியாது. திருப்பிப் பாருங்கள்: இருபதாயிரத்தின் பின்னால் ஹோய் ஆன் என்ற ஊரில் இருக்கும் கூரை போட்ட பாலம், ஐந்து லட்சத்தில் ஹோ சி மின் பிறந்த ஊர் வீடு. இதை விமானத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுங்கள், பெரிய நோட்டு அங்கேயே உடையும், வாடகை வண்டி கூப்பிடும் கிராப் செயலியும் வேலை செய்யும், கட்டணம் ஏறும் முன்பே தெரிந்துவிடும். ஐந்து லட்சங்களைத் தனியாக உள்பையில் போடுங்கள். கொடுக்கும்போது நோட்டைத் தூக்கிக் காட்டி, தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார், இறங்கும்போது மறக்காமல் வாங்குவோம், அந்த உஷார் விமானம் ஏறியதும் எங்கே போகிறதோ தெரியவில்லை. கடைக்காரர் "ஐம்பது" என்றால் ஐம்பதாயிரம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு ஆளை வைத்து ஊரை எடை போடக்கூடாது. மறுநாள் காலை சாலையைக் கடக்க முடியாமல், ஆற்று வெள்ளம் மாதிரி வரும் ஸ்கூட்டர்களைப் பார்த்து பத்து நிமிடம் நின்றேன், ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். நிற்காமல், ஓடாமல், ஒரே வேகத்தில் நடந்தால் அவர்களே ஒதுங்கிப் போகிறார்கள். சைவக்காரர்கள் "அன் சாய்" என்று சொல்லுங்கள், டீ கேட்கிற மாதிரி இருக்கும், ஆனால் சைவம் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் அங்கேயும் நிறையப் பேர் சைவம்தான். மற்ற நாட்களில் கீரையில்கூட மீன் சாறு விழுந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம் ஆட்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கட்டியது. செட்டியார்கள் வட்டிக்கடை போட்டு ஊருக்கே கடன் கொடுத்த இடத்தில் எனக்கு நோட்டு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள், கை நிறைய ஊதுபத்தி. அம்மனைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும். ஆனாலும் உண்டியலில் போடும் முன் நோட்டைத் திருப்பி, பாலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.