சிங்கமா காட்டெருமையா: வீடியோ பார்த்துவிட்டு சஃபாரி போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கமும் காட்டெருமையும் மோதும் வீடியோ ஒன்றாவது உங்கள் போனுக்கு வந்திருக்கும். 'சிங்கம்தான் ராஜா' என்று ஒரு கூட்டமும் 'எருமை மாஸ்' என்று இன்னொரு கூட்டமும் கீழே அடித்துக்கொள்ளும். பொழுதுபோக்குக்குச் சரி. அதே நினைப்போடு கென்யாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ கிளம்பினால்தான் சிக்கல், அங்கே எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்கிற கணக்கே தப்பாகிவிடும்.

முதல் தவறு, இதை ஒண்டிக்கு ஒண்டி மல்யுத்தமாகப் பார்ப்பது. வளர்ந்த கேப் எருமைக் கடா (வீடியோவில் வரும் ஆப்பிரிக்கக் காட்டெருமைதான் இது) 500 முதல் 900 கிலோ வரை இருக்கும். ஆண் சிங்கம் 200 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, பெண் சிங்கம் அதைவிடக் குறைவு. நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்று சிங்கத்துக்கு நன்றாகத் தெரியும், அதனால் அது கொம்புப் பக்கம் போவதே இல்லை. சிங்கங்கள் கூட்டமாக வந்து மந்தையை மிரட்டி ஓடவிட்டு, பின்தங்குகிற ஒன்றைப் பிரித்து, பின்பக்கமாகத் தொற்றித் தங்கள் எடையாலேயே கீழே இழுத்துப் போடும். விழுந்ததும் ஒன்று வந்து தொண்டையைக் கவ்வும், இல்லாவிட்டால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கவ்வி மூச்சை அடைக்கும். சில நேரம் இது ஒரு மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும், அதற்குள் கொம்பு ஒருமுறை சரியான இடத்தில் இறங்கினால் சிங்கத்தின் கதை முடிந்தது. எருமை தற்காப்புக்கு மட்டும்தான் கொம்பைத் திருப்பும் என்றும் நினைக்காதீர்கள். சிங்கக் குட்டிகள் ஒளிந்திருக்கும் புதரைக் கண்டுபிடித்தால் கூட்டமாகப் போய்க் குத்தியும் மிதித்தும் கொன்றுவிடும்.

அடுத்தது, கிளைமாக்ஸை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது. 2004ல் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் டிரான்ஸ்போர்ட் அணை என்கிற நீர்நிலையில் ஒரு சுற்றுலாப் பயணி எடுத்து, 2007ல் யூடியூபில் ஏறி உலகமே பார்த்த காட்சி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கங்கள் ஒரு கன்றைப் பிடிக்கின்றன, பிடித்த வேகத்தில் அதோடு தண்ணீரில் விழுகின்றன, கரைக்கு இழுக்கும்போது முதலை மறுபக்கம் கவ்வுகிறது, சிங்கங்கள் எப்படியோ பிடுங்கிக்கொண்டு கரையில் உட்கார்கின்றன. அப்போது மொத்த மந்தையும் திரும்பி வருகிறது. ஒரு சிங்கத்தைக் கொம்பால் ஆகாயத்தில் தூக்கி வீசுகிறது ஒரு எருமை, கன்று எழுந்து நடந்தே மந்தைக்குள் போய்விடுகிறது! நம்ப முடியாத காட்சிதான், அதனால்தான் அது அவ்வளவு பரவியது. மந்தை எப்போதும் இப்படித் திரும்பி வரும் என்று அதிலிருந்து முடிவு கட்டினால் தப்பு. பல நேரம் மந்தை கொஞ்ச தூரம் ஓடி, நின்று பார்த்து, அப்படியே போய்விடும். அதையெல்லாம் யார் ஃபார்வர்ட் செய்யப்போகிறார்கள்?

சண்டை முடிந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். க்ரூகர் எருமைகளுக்கு மாட்டுக் காசநோய் இருப்பது 1990ல் தெரியவந்தது, பூங்காவின் தெற்கு எல்லையில் மேய்ந்த வீட்டு மாடுகளிடமிருந்து வந்தது. அந்த எருமைகளைத் தின்ற சிங்கங்களுக்கும் நோய் தொற்றியது. ஜெயித்த சிங்கம்தான் இதில் மாட்டிக்கொள்கிறது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. 'எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல' என்று சொல்லிச் சொல்லி, எருமை என்றாலே மந்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. நம் ஊர்க் குளத்தில் கிடக்கும் எருமையும் ஆப்பிரிக்க எருமையும் வேறு வேறு பேரினம், ஆப்பிரிக்க எருமையை இதுவரை யாரும் பழக்கி வீட்டில் கட்டியதில்லை. அதிலும் மந்தையைவிட்டு விலகிய கிழட்டுக் கடாக்கள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஆற்றோரச் சேற்றில் கிடக்கும், பார்த்தால் தூங்குவது போலிருக்கும். சுற்றிலும் காவலுக்கு மந்தை இல்லாததால் சிங்கம் அதிகம் குறிவைப்பது இவற்றைத்தான். அதனால் பக்கத்தில் திடீரென்று எது அசைந்தாலும் யோசிக்காமல் பாய்ந்துவிடும். நடந்து போகிறவருக்கு, நூற்றுக்கணக்கில் நிற்கும் மந்தையைவிட இந்த ஒற்றைக் கடா ஆபத்து.

எல்லா விலங்குக்கும் ஒரே விதி என்று நினைப்பதுதான் உயிருக்கே உலை வைக்கும். நடைப்பயணத்தில் சிங்கம் எதிர்ப்பட்டால் ஓடக்கூடாது, ஓடினால் துரத்தத் தோன்றும். முகத்தைப் பார்த்தபடி நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். எருமை பாய்ந்து வந்தால் அப்படி நின்று பயனில்லை, மரம் கிடைத்தால் ஏறுங்கள். யானை காதை விரித்துத் தலையை ஆட்டினால் பெரும்பாலும் மிரட்டல், காதை ஒட்டி தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் நிஜம் என்பார்கள், இதை நம்பி நின்று சோதித்துப் பார்க்காதீர்கள். நீர்யானையிடம் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும். இரவில் புல் மேயக் கரையேறும், கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் விடுதிப் புல்தரைக்கே வரும். சாப்பாட்டுக்கூடத்திலிருந்து அறைக்குப் போக காவலாளி டார்ச்சோடு கூட வருகிறேன் என்றால், நாலு எட்டுதானே என்று தனியாகக் கிளம்பாதீர்கள். 'பெரிய ஐந்து' பட்டியலில் நீர்யானை இல்லையே என்று கேட்பவர்களுக்கு: அது யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் தங்களுக்குக் கஷ்டமானதை வைத்துப் போட்ட பட்டியல், உங்கள் பாதுகாப்புக்காகப் போட்டதில்லை.

வண்டிக்குள் இருக்கிறோமே என்ற தைரியமும் அளவோடு இருக்கட்டும். 2015ல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில் காருக்குள் இருந்த சுற்றுலாப் பயணி ஒருவர் பெண் சிங்கம் கடித்து இறந்தார், கார் ஜன்னல் திறந்திருந்தது. திறந்த ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்வரை ஜீப்பும் ஆட்களும் விலங்குக்கு ஒரே உருவமாகத் தெரியும், எழுந்து நின்றாலோ கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் கலைந்துவிடும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். செல்ஃபிக்காக எழுகிறவருக்கு இது காதில் ஏறுவதில்லை.

அப்புறம் ஓட்டுநருக்குக் காசு கொடுத்து 'இன்னும் கிட்டப் போங்க' என்பது. சிங்கம் புல்லுக்குள் பதுங்கிக் காத்திருக்கும்போது நடுவில் வண்டியை நுழைத்தால் எருமை உஷாராகிவிடும், அரைநாள் காத்திருந்த வேட்டை வீணாகும். கன்று மாட்டிக்கொண்டால் சிலர் கத்துவார்கள், ஹார்ன் அடிக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். புதருக்குள் பசியோடு காத்திருக்கும் சிங்கக் குட்டிகள் வண்டியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.