பரிசைப் பொதிய பழைய காலண்டரும் ரவிக்கைத் துணியும்

பிறந்தநாளுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் கிஃப்ட் பேப்பர் இல்லை என்பது நினைவுக்கு வரும். கடைக்கு ஓட வேண்டாம். போன மாதத்து காலண்டர் தாளைக் கிழித்து எடுங்கள். வழவழப்பான கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதுவே வெளிப்பக்கம். பெட்டியைச் சுற்றி வந்து இரண்டு அங்குலம் மிஞ்ச வேண்டும். இரு ஓரங்களிலும் பெட்டியின் உயரத்தில் முக்கால் பங்கு விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் மடிப்பு புடைத்துக்கொள்ளும். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி, வாட்டர் கலரில் தொட்டு அந்த வெள்ளைப் பக்கத்தில் குழந்தைகளை அச்சு வைக்கச் சொல்லுங்கள். விடவே மாட்டார்கள், அத்தனை அழகான பூக்கள்!

ரிப்பனுக்குப் பூக்காரம்மா கட்டித் தரும் வாழைநாரே போதும். காய்ந்த நார் முடிச்சுப் போடும்போது அறுந்துவிடும். ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றிவிட்டுக் கட்டுங்கள்.

பெரியவர்களுக்கு என்றால் எனக்குப் பிடித்தது தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிதான். துணியைக் குறுக்காக விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, எதிரெதிர் முனைகளை மேலே முடிச்சுப் போட்டால் சரி. டேப்பும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். அப்புறம் அந்தத் துணியை அவர்களே தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.