கோபியிலிருந்து கோன்கேன் வரை: தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியராகக் கால் ஊன்றுவது எப்படி?

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு வேலை என்றால் துபாய், சிங்கப்பூர், அதற்கு மேல் அமெரிக்கா. தாய்லாந்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றபோது, "அதற்கு வெள்ளைக்காரர்கள் இல்லையா?" என்றுதான் உறவினர் அத்தனை பேரும் கேட்டார்கள். இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களும் நம்மவர்களும் அவர்களோடு சேர்ந்தே வேலை செய்கிறோம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தமிழ் வழியில் படித்த நான், வடகிழக்குத் தாய்லாந்தின் கோன்கேன் மாகாணத்தில் மூன்றாவது ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன். ஈரோடு, கோவை, நாமக்கல் பக்கம் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு விசாரிப்பவர்களுக்காக, நான் பட்டறிந்ததை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

படி 1: பெயரை ஒன்றாக்குங்கள்

விசாவுக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. நம் சான்றிதழ்களில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பாவின் பெயராகிவிடும். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். பூங்கொடி', பாஸ்போர்ட்டில் 'பூங்கொடி சுப்பிரமணியம்', திருமணத்துக்குப் பிறகு புதுப்பித்திருந்தால் கணவர் பெயர். நமக்கு மூன்றும் ஒரே ஆள். தலைப்பெழுத்து என்ற வழக்கமே இல்லாத நாட்டில் கோப்பைப் புரட்டும் அலுவலருக்கு அது மூன்று ஆள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதை முதலில் நிரப்பித் திருத்தி வாங்குங்கள். எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எந்தப் படிவமானாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதுங்கள். என் பெயரில் ஓர் எழுத்து கூடிப்போனதால் என் கோப்பு மூன்று வாரம் நகரவே இல்லை.

படி 2: மற்ற காகிதங்கள்

பட்டச் சான்றிதழ், பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தரும் மதிப்பெண் தொகுப்பு, பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பெறும் போலீஸ் தடையின்மைச் சான்று ஆகிய மூன்றும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொங்கு மாவட்டத்தாருக்குக் கோவையிலேயே மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. பல்கலைக்கழக வேலைதான் இழுக்கும். அதை முதலில் விண்ணப்பியுங்கள்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே நமக்கு ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள்; டோயிக் தேர்வில் பொதுவாக 600. அதைத் தாண்டினாலும் அதே வகுப்புக்கு நமக்கும் வெள்ளைக்கார ஆசிரியருக்கும் சம்பளம் பல பள்ளிகளில் ஒன்றாக இருப்பதில்லை. இது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போன பிறகு தெரிந்து மனம் நோவதைவிட இப்போதே தெரிந்துகொண்டு, எவ்வளவுக்குக் கீழே சம்மதிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 3: எந்த விசாவில் போகிறோம்?

சரியான வழி 'நான்-இமிக்ரண்ட் பி' (Non-Immigrant B) என்னும் வேலை விசா. வேலை தரும் பள்ளி அதற்குரிய கடிதங்களைக் கொடுக்கும். முதலில் 90 நாள் தங்க அனுமதி. அதற்குள் பணி அனுமதி வாங்கி, தங்கும் காலத்தை நீட்டிக்க வேண்டும். ஆசிரியர் உரிமம் இல்லாதவர்களுக்கு 'குருசபா' என்னும் ஆசிரியர் கழகம் தற்காலிக அனுமதி வழங்கும். அது இரண்டு ஆண்டு செல்லும்.

"இப்போதைக்குச் சுற்றுலாவாக வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த முகவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நிலையில் வகுப்பில் நின்றால் அது சட்டவிரோத வேலை. தாய்லாந்து வேலை என்று சொல்லி இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி மோசடி வேலை செய்யவைத்த கும்பல்களைப் பற்றி 2022இல் நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பள்ளியின் தொலைபேசி எண்ணை முகவரிடம் கேட்காமல் நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள்.

படி 4: இறங்கிய முதல் வாரம்

வீட்டு உரிமையாளர் உங்கள் வருகையைக் குடிவரவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 'டி.எம்.30' என்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அதைச் செய்து தருவாரா என்று கேளுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பின்னால் வரும் பல வேலைகள் முடங்கும். தொடர்ந்து நாட்டில் இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். 15 நாள் முன்னதாகவோ 7 நாள் பின்னதாகவோ செய்யலாம். காலண்டரில் குறித்து வையுங்கள்.

படிவங்களில் ஆண்டைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே புத்த ஆண்டுக் கணக்கு. நம் ஆண்டோடு 543 கூட்டினால் 2025 என்பது 2568.

அரச குடும்பத்தைப் பற்றி வகுப்பிலும் வெளியிலும் இணையத்திலும் எதுவும் பேச வேண்டாம். அவமதிப்புக் குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. காலை 8 மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தால் நின்றுவிடுங்கள். எந்தக் குழந்தையின் தலையையும் செல்லமாகக்கூடத் தடவாதீர்கள். தலை அவர்களுக்கு உயர்ந்த இடம்.

படி 5: 'ங்க' போட்டுப் பேசத் தெரிந்தவருக்கு

அந்த மண்ணில் எனக்கு முதலில் நெருக்கமாகத் தோன்றியது ஒரு சிறு சொல். வாக்கியத்தின் முடிவில் பெண்கள் 'கா' என்றும் ஆண்கள் 'க்ரப்' என்றும் மரியாதைக்குச் சேர்க்கிறார்கள். 'சரிங்க', 'ஆமாங்க', 'ஏனுங்க' என்று பேசி வளர்ந்த வாய்க்கு இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். கடைக்காரரிடமும் பள்ளிக் காவலரிடமும் தவறாமல் சேர்த்துப் பேசுங்கள். ஏற்ற இறக்கம் மெதுவாக வரட்டும். ஏறக்குறைய ஒரே 'காவ்' ஒலி, குரல் போகும் போக்கில் சோறு, மலை, வெள்ளை, செய்தி என்று மாறிவிடும் மொழி அது.

ஆசிரியரை அவர்கள் 'க்ரூ' என்று அழைக்கிறார்கள், நம் குருதான். பெரும்பாலும் ஜூன் மாத வியாழக்கிழமை ஒன்றில் 'வை க்ரூ' என்னும் ஆசிரியர் வணக்க நாள் வரும். முதல் ஆண்டு, ஒரு சிறுமி முழங்காலிட்டு நீட்டிய பூத்தட்டில் வெட்சிப்பூவும் கத்திரிப்பூவும் அருகம்புல்லும் இருந்தன. பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல் என் கைக்கு வந்தது. எனக்குப் பேச்சே எழவில்லை.

படி 6: வகுப்பறை

'உச்சரிப்பு நம்முடையது போதுமா?' என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. என் பதில்: போதும், உங்கள் பிழை எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்.

ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யோடு நாம் ஓர் உகரத்தைச் சேர்க்கிறோம்: பஸ்ஸு, ஸ்கூலு. தாய்லாந்துக்காரர்களோ அந்தக் கடைசி மெய்யை மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் மொழியில் சொல்லின் இறுதியில் 'ஸ்' நிற்காது. 'பஸ்' என்பது 'பத்' ஆகும். இறுதி 'ல்', 'ன்' ஆகும்; 'ஃபுட்பால்' 'ஃபுட்பான்' ஆவது அதனால்தான். 'ஷ'வுக்குப் பதில் 'ச்ச' வரும். இதைத் தெரிந்துகொண்டு போனால் முதல் நாளே காது பிடிக்கும்.

நான் செய்வது இது. கரும்பலகையில் சொல்லை எழுதி, கடைசி எழுத்தை மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறேன். வகுப்பே சேர்ந்து சொல்லும்போது அந்த ஒலி வரும் இடத்தில் மேசையில் ஒரு தட்டு. ஒலி விழவில்லை என்றால் தட்டும் கிடையாது. எட்டு வயதுக் குழந்தைகள் இதற்காகவே காத்திருப்பார்கள். புறப்படுவதற்கு முன் நீங்களும் தினம் பதினைந்து நிமிடம் உரக்க வாசித்துப் பதிவு செய்து, உகரம் எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று, காலம். தமிழில் போகிறேன், போனேன், போவேன் என்று வினையே மாறும். அவர்கள் மொழியில் வினை மாறாது. 'நேற்று' என்று சொன்னால் போதும். 'நேற்று' என்று சொல்லிவிட்டோமே, பிறகு எதற்கு வினையை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்காதீர்கள். ஆங்கிலத்தை நாமும் விதி விதியாகக் கஷ்டப்பட்டுக் கற்றவர்கள். குழந்தை எங்கே தடுக்கும் என்பது நமக்குத் தெரியும். பிறப்பிலேயே அந்த மொழி வாய்த்தவருக்கு இது எளிதில் கிடைக்காது.

படி 7: சாப்பாடு, வீடு, விடுமுறை

கோன்கேன் பக்கம் ஒட்டும் அரிசிதான் அன்றாடச் சோறு. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். சைவம் என்றால் 'ஜே' என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டி அவர்களுக்கும் ஒரு ஜே விழா வருகிறது. மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கவலையின்றிச் சாப்பிடலாம். கொள்ளும் ஈரோட்டு மஞ்சள் தூளும் கொண்டுபோங்கள். அரிசி பருப்புச் சாதம் செய்த இரவுகளில் எனக்கு வீட்டு நினைவு அவ்வளவாக வாட்டவில்லை. பாங்காக் போனால் சீலோம் பகுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஊரை விட அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால். இரவு எட்டரைக்கு அழைத்தால் ஊரில் ஏழு, அம்மா பாலைக் காய்ச்சிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

நீண்ட விடுமுறை மார்ச், ஏப்ரலில். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) பார்க்க வரலாம். ஆனால் 'ரீ-என்ட்ரி பெர்மிட்' என்னும் மறுநுழைவு அனுமதி வாங்காமல் தாய்லாந்து எல்லையைத் தாண்டினால் தங்கும் அனுமதி அங்கேயே ரத்தாகிவிடும். ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800 பாத் என்று நான் கட்டியிருக்கிறேன். டிக்கெட் எடுக்கும் அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள்.