மொரபராபா: முதல் மாடுகளை எங்கே வைப்பது?

தென்னாப்பிரிக்கப் பலகை ஆட்டமான மொரபராபாவில் முதல் ஒன்றிரண்டு மாடுகளை (காய்களுக்கு அதுதான் பெயர்) நடுச்சதுரத்தின் மூலைகளில் வையுங்கள். கைக்கு வந்த இடத்தில் வைத்தால், அப்புறம் வழி தேடுவதிலேயே பாதி ஆட்டம் போய்விடும்.

பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள், 24 புள்ளிகள், ஆளுக்கு 12 மாடு. ஒரே கோட்டில் மூன்று சேர்ந்தால் எதிராளியின் மாடு ஒன்றைச் சுடலாம், அதாவது பலகையை விட்டு எடுத்துவிடலாம். நடுச்சதுர மூலையில் மூன்று கோடுகள் சந்திக்கின்றன: கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று, மூன்று சதுரங்களின் மூலைகளையும் இணைக்கும் மூலைவிட்டம் ஒன்று. நகரவும் நான்கு வழி உண்டு. வெளிமூலைக்கும் உள்மூலைக்கும் கோடு மூன்று உண்டு என்றாலும் வழி மூன்றுதான். பக்கத்தின் நடுப்புள்ளிக்கோ கோடே இரண்டுதான்.

டர்பனில் வீட்டு வாசலில் சாக்பீஸால் பலகை வரைந்து, சோடா மூடிகளை மாடாக்கி ஆடுகிறவர்கள் மூலைவிட்டக் கோடுகளையும் போட்டாயிற்றா என்று பாருங்கள் (அவசரத்தில் விடுபடுவது அதுதான்). அவை இல்லாவிட்டால் மூலைக்கு இரண்டே வழி. நடுச்சதுரத்தின் பக்க நடுப்புள்ளியே மேல். எதிராளி ஏற்கெனவே இரண்டை வரிசையாக வைத்துவிட்டால், சரி, மூலையை மறந்துவிட்டு முதலில் அந்த வரிசையை அடைத்துவிடுங்கள். மூன்றே மாடு மிஞ்சி, எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம் என்ற நிலை வந்தபின் இந்த வழிக் கணக்குக்கு வேலை இல்லை.