‘அன்பவுண்ட் வேரியபிள்’ வந்தால் முதலில் நூலகத்தைச் சேருங்கள்

ஸ்கீம் என்ற நிரல்மொழியின் ஒரு வடிவமான கைல் ஸ்கீமில் ‘அன்பவுண்ட் வேரியபிள்: ஃபோல்ட்’ (ஃபோல்ட் என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை) என்ற பிழை வந்தால், நிரலைத் திருத்தத் தொடங்காமல், கோப்பின் முதல் வரியில் யூஸ்-மாட்யூல்ஸ் கட்டளையால் பட்டியல்களைக் கையாளும் எஸ்ஆர்எஃப்ஐ-1 நூலகத்தைச் சேர்த்து மறுபடி இயக்கிப் பாருங்கள். மன்னார்குடிக் கொள்முதல் நிலையத்துக்கு வந்த மூன்று நெல் மூட்டைகளின் எடையை 40, 40, 38 என்று பட்டியலிட்டு உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் ஃபோல்ட் கொண்டு கூட்டினால் 118 வர வேண்டும். அடைப்புக்குறிகள் எல்லாம் சரியாக இருந்தும் பிழை வருவதற்குக் காரணம், ஸ்கீமின் மையப்பகுதி வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்டிருப்பதும், ஃபோல்ட் போன்றவை நாம் கேட்டால் மட்டுமே வருகிற தனி நூலகத்தில் இருப்பதும்தான். ஆனால் பட்டியலிலிருந்து வேண்டியவற்றைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர் கைலில் நேரடியாகவே கிடைப்பதால், ஒன்று ஓடி மற்றொன்று ஓடாதபோது, திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஆசிரியரின்றித் தனியே கற்கும் மாணவர் தம் நிரலையே சந்தேகித்து ஒரு மாலைப்பொழுதை இழந்துவிடுகிறார்.

ஸ்கீமின் மற்றொரு வடிவமான எம்ஐடி ஸ்கீமில் ஃபோல்ட், ஃபில்டர் இரண்டுமே தொடக்கத்திலிருந்து கிடைக்கும். அங்கே இதே பிழை வந்தால் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். கைலில் ‘நோ கோட் ஃபார் மாட்யூல்’ (கேட்ட நூலகம் கிடைக்கவில்லை) என்று வந்தாலும் இந்தக் குறிப்பு உதவாது. நூலகத்தின் பெயர் தவறாக இருக்கலாம், அது நிறுவப்படாமல் இருக்கலாம், அல்லது கைல் தேடும் பாதைக்கு வெளியே இருக்கலாம்.