கட்சி பிரிந்து நிற்கும் தெருவில் விவாதக் கூட்டம் நடத்தும் முறை

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு சிறிய படிப்பகத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அரசியலில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்களை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒரு பொருளைப் பற்றிப் பேச வைக்கிறோம். தங்கள் ஊரிலும் இதை நடத்த விரும்புகிறவர்கள் வழி கேட்பதால், நாங்கள் செய்து பார்த்தும் தவறித் திருத்தியும் கண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பெருங்கூட்டம் சேர்க்க எண்ண வேண்டாம். இருபது பேருக்கு மேல் போனால் பேசுகிறவர்கள் ஐந்து பேராகவும் மற்றவர்கள் கைதட்டுகிறவர்களாகவும் ஆகிவிடுவார்கள். கைதட்டல் தொடங்கிய இடத்தில் யோசனை நின்றுவிடும்.

முதல் வேலை பொருளைத் தேர்ந்தெடுப்பது. எந்தக் கட்சி நல்ல கட்சி என்று வைத்தால் வருகிறவர்கள் வீட்டிலிருந்தே முடிவோடு வந்து முடிவோடு திரும்புவார்கள். ஊருக்குத் தொடர்புள்ளதாகவும், இரு பக்கமும் உண்மையான நட்டமோ நன்மையோ உள்ளதாகவும் ஒன்றை எடுக்க வேண்டும். எங்களுக்கு அப்படி வாய்த்தது சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை. 277 கிலோமீட்டர் நீளத்துக்கு 2018இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்காக, சேர்வராயன் மலை அடிவாரத்துக் குப்பனூரிலும் பூலாவரியிலும் நிலத்தில் கல் நட்டபோது, எங்கள் தெருவிலேயே ஒருவர் பந்தியில் ஒருவர் உட்காராத நிலை வந்தது.

பொருள் முடிவானதும் ஒரே பக்கத்தில் ஒரு தகவல் தாள் தயாரியுங்கள். அதில் கருத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தாளில் திட்டத்தின் நீளம் இருந்தது. 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கையை ரத்து செய்தது இருந்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அறிவிக்கை செல்லும் என்றது இருந்தது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே இரு தரப்பிலும் ஒவ்வொருவரிடம் தாளைக் கொடுத்து, எந்த வரி தவறு என்று கேட்க வேண்டும். இருவரில் ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இந்தச் சிறு வேலையைத் தவிர்த்தால் கூட்டத்தின் முதல் அரை மணி நேரமும் "அது பொய்", "நீ சொல்வதுதான் பொய்" என்பதிலேயே கழியும்.

நடந்தது என்ன என்பதும் நடந்தது சரியா என்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடும் பொருள்களைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம் அப்படிப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து 2020இலும் அது மாநிலம் முழுவதும் சர்ச்சையானது. அன்று வீதியில் நடந்தது என்ன என்பதையே இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கின்றன. பழகிய குழு அதையும் பேசலாம், ஆனால் அதற்கு ஓராண்டுப் பழக்கமாவது வேண்டும்.

நடுவில் இருந்து நடத்துகிறவர், பேச்சுரிமை பற்றிய சட்டத்தின் அடிப்படையையாவது தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் யாரேனும் "இதைப் பேசவே கூடாது, போலீஸில் சொல்வேன்" என்று எழுந்தால், பதறாமல் பதில் சொல்ல அது தேவை. அந்தச் சட்ட வரலாற்றில் சேலத்துக்கு ஓர் இடம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1950 பிப்ரவரி 11இல் சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அந்தக் கொந்தளிப்பான நாட்களில், அடுத்த மாதமே, மும்பையிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக நான்கு மாதம் ஆன 1950 மே 26இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. பொது ஒழுங்கு என்ற பொதுவான காரணத்துக்காகப் பேச்சைத் தடுக்க, பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளைச் சொல்லும் அன்றைய 19(2) பிரிவில் இடமில்லை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஜூனில் வந்த முதலாவது திருத்தம் பொது ஒழுங்கையும், குற்றம் புரியத் தூண்டுவதையும், அயல்நாடுகளுடனான நட்புறவையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் நுழைந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பின்னாளில் எத்தனையோ குடிமக்கள் வழக்காடி வென்றார்கள்.

கூடத்துக்குள் நேரடியாகப் பயன்படுவது 2015 மார்ச் 24இல் வந்த ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு கருத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, செயலுக்குத் தூண்டுவது என்று பேச்சை மூன்று படிகளாகப் பிரித்தது. முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும், உரிமைக்குள் அடங்கும். தூண்டுதல் என்ற படியை எட்டும்போதுதான் கட்டுப்பாட்டுக்கு இடம் வருகிறது. நாங்கள் இதையே கூட்டத்தின் விதியாக வைத்திருக்கிறோம். "இந்தச் சாலை வந்தால் ஊரே நாசம்" என்று சொல்லலாம். "ஆதரிக்கிறவன் லாரியை மறித்து உடையுங்கள்" என்றால் நடத்துகிறவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மனம் புண்படுகிறது என்பதற்காக மட்டும் ஒருவரையும் நிறுத்தக் கூடாது. சாதியைச் சொல்லி இழிவு செய்வதையும், வீட்டுப் பெண்களை இழுப்பதையும் முதல் தடவையே நிறுத்த வேண்டும். இதில் இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தால் அடுத்த மாதம் கூடம் காலியாகிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, கட்சி அலுவலகமோ கோயில் மண்டபமோ வேண்டாம். படிப்பகம், தொழிற்சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத சிறு கூடம், பள்ளி வகுப்பறை ஆகியவை பொருந்தும். தெருவில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்தால் காவல் துறை அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் கூடாது. நான்கு சுவருக்குள் இருபது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. மைக்கைக் கையில் பிடித்தால் பேச்சே மேடைப் பேச்சாகிவிடுகிறது.

நாற்காலிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முதல் கூட்டம் நாற்காலியால்தான் கெட்டது. ஆதரிப்போர் இடப்பக்கம், எதிர்ப்போர் வலப்பக்கம், நடுவில் நான் என்று பட்டிமன்றத்தைப் போல அமைத்தேன். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பக்கமும் தன் ஆளுக்குக் கை தட்டத் தொடங்கியது. பட்டிமன்றம் நமக்குப் பழகிய கலை, கேட்கவும் இனிமையானது. ஆனால் அங்கே பேசுகிறவர் தமக்குக் கொடுத்த அணிக்காகப் பேசுகிறார், இறுதியில் நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தீர்ப்பு உண்டு என்று தெரிந்தால் எவரும் தம் வாதத்தின் ஓட்டையைத் தாமே ஒப்புக்கொள்ள மாட்டார். இப்போது வட்டமாகப் போடுகிறோம், வருகிற வரிசையில் உட்காரச் சொல்கிறோம், தீர்ப்பு கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறோம்.

இனி கூட்டத்தின் உயிரான விதிக்கு வருகிறேன். ஒருவர் நான்கு நிமிடம் பேசிய பின், அதை மறுக்க விரும்புகிறவர் முதலில் அவர் சொன்னதைத் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாங்க, அதைத்தான் சொன்னேன்" என்று முன்னவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பைத் தொடங்கலாம். இது புதிய உத்தி என்று எண்ண வேண்டாம். நூலுக்குரிய எழுவகை மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, சொல்லும் இலக்கண நூலான நன்னூல், "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு" என்று ஒன்றைச் சொல்கிறது. பிறர் கொள்கையை முதலில் ஏற்று எடுத்துரைத்து, அதன் பிறகு களைவது. எடுத்துரைக்காமல் களைய முடியாது என்பதை நம் இலக்கணக்காரர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

எட்டு வழிச் சாலைக் கூட்டத்தில் குப்பனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பேசி முடித்ததும், செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்த லாரி உரிமையாளர் ஒருவர் எழுந்தார். "அண்ணன் சொல்வது, இழப்பீட்டுத் தொகை போதாது என்பது" என்றார். விவசாயி தலையசைத்து மறுத்தார். "இல்லைங்க. பணத்தைப் பற்றி நான் பேசவே இல்லை." லாரிக்காரர் மறுபடி முயன்றார்: "பாட்டன் நிலம் என்ற பாசம்." அதற்கும் இல்லை என்றார். மூன்றாம் முறை லாரிக்காரர் உட்கார்ந்துகொண்டு, "சரி, நீங்களே இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா" என்றார். சாலை தோட்டத்தின் நடுவே போகிறது, கிணறு கீழ்ப்பக்கம் மாட்டிக்கொள்கிறது, மேல்பக்கத்துத் தென்னைக்குத் தண்ணீர் கொண்டு போக வழியில்லை, அளந்து எடுக்கிற நிலத்துக்குத்தான் பணம், எடுக்காமல் விடுகிற நிலமும் காய்ந்துபோகிறது என்று அவர் விளக்கினார். "எடுக்காத நிலமும் போய்விடுகிறது என்கிறீர்கள்" என்றார் லாரிக்காரர். "அதேதாங்க" என்றார் விவசாயி. பிறகு லாரிக்காரர், ஆத்தூர், வாழப்பாடி வழியில் நான்கு வழி இருவழியாகக் குறுகிய புறவழிச்சாலைகளில் தமக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் எதிரெதிரே மோதி இறந்ததைச் சொன்னார். அதைத் திருப்பிச் சொல்ல விவசாயிக்கு ஒரே முறைதான் தேவைப்பட்டது. அவருடைய மைத்துனரும் லாரி ஓட்டுகிறவர்.

இந்த விதிக்கு நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் ஆறேழு பேர்தான் பேச முடியும். அவசரப்படுத்த வேண்டாம். பெண்கள் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்க் கேட்டு, முதல் இரண்டு முறைகளில் ஒன்றை அவர்களுக்கு ஒதுக்குங்கள். கடைசியில் "அம்மா, நீங்களும் ஒரு வார்த்தை" என்பது மரியாதை ஆகாது. பாதியில் இடைவேளை விட்டுத் தட்டுவடை செட் கொடுக்கிறோம். சட்னி வழியாமல் சாப்பிட ஒருவர் தட்டை ஒருவர் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கால் மணி நேரத்தில் நடக்கும் பேச்சு பல சமயம் கூட்டத்தில் நடந்ததைவிட நேர்மையாக இருக்கிறது.

கைப்பேசியில் படம் எடுப்பதை எல்லோருடைய சம்மதத்தோடு முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் மூன்றாம் கூட்டத்தில் ஓர் இளைஞர், எதிர்த்தரப்பின் வாதத்தை விதிப்படி திருப்பிச் சொன்ன முப்பது விநாடியை மட்டும் யாரோ வெட்டி வாட்ஸ்அப் குழுக்களில் விட்டார்கள். அவர் கட்சி மாறிவிட்டார் என்று உறவினர்களே அவரிடம் பேசாமல் இருந்தார்கள். அந்தத் தம்பியின் வீட்டுக்கு இரு தரப்பிலிருந்தும் ஆள் போய் விளக்கிய பிறகுதான் அது அடங்கியது. ஒருவர் யோசித்துப் பார்க்கத் துணிவதற்கு, யோசிப்பது வெளியே விற்கப்படாது என்ற நம்பிக்கை வேண்டும். அதைக் காப்பது நடத்துகிறவரின் பொறுப்பு.

கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். உடன்பட்டவை, உடன்படாதவை, தகவல் தேட வேண்டியவை என்று மூன்று பகுதிகள் போதும், பெயர்கள் வேண்டாம். இரு தரப்பிலும் ஒவ்வொருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே பலகையில் ஒட்டுகிறோம். சாலைக் கூட்டத்தின் குறிப்பில், பிளவுபடும் தோட்டங்களுக்குக் குறுக்கே தண்ணீர்க் குழாய் போக வழி விட வேண்டும், இருக்கிற சாலையின் குறுகிய இடங்களை முதலில் அகலப்படுத்த வேண்டும் என்ற இரண்டும் உடன்பட்டவையில் வந்தன. உடன்படாதவையில், "இந்தச் சாலை வேண்டுமா" என்று ஒரே வரி. கையெழுத்திடும்போது லாரிக்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, எதையும் மாற்றச் சொல்லாமல் பேனாவை விவசாயியிடம் நீட்டினார்.