மொட்டை மாடியில் சோலார்: அரசு மானியம் பெறுவது எப்படி?

வீட்டுக்கு சோலார் பொருத்த, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' (பிஎம் சூர்ய கர்) திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. பலரும் முதலில் விலை விசாரிக்கக் கிளம்புகிறார்கள். தயவுசெய்து மின்கட்டண ரசீதைக் கையில் எடுங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

1. ரசீதில் யார் பெயர்?

எங்கள் வீட்டு இணைப்பு தாத்தா பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியும் ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. யாருக்கும் அது உறுத்தவில்லை. மானியம் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவதால் மின் இணைப்பு, விண்ணப்பம், கணக்கு மூன்றும் ஒருவர் பெயரிலேயே இருப்பது நல்லது. எனவே பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால் என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

2. எத்தனை கிலோவாட்?

அரசின் வழிகாட்டி அட்டவணை மாதக் கணக்கில் இருக்கிறது: 150 யூனிட் வரை 1 முதல் 2 கிலோவாட், 300 வரை 2 முதல் 3 கிலோவாட். தமிழ்நாட்டில் நமக்கு ரசீது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே பாதியாக்கிப் பாருங்கள். ரசீதில் 400 யூனிட் என்றால் மாதம் 200. அதற்கு 2 கிலோவாட் போதும். ஒரு கிலோவாட் ஒரு நாளில் சுமார் 4 யூனிட் தரும்.

மானியக் கணக்கு இது: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அதிகரிக்காது.

3. மாடியில் நிழல் பாருங்கள்

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என மூன்று முறை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு சோலார் தகட்டின் மூலையில் விழும் நிழல், அதனோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடக்கூடும்.

4. விண்ணப்பம்

பிஎம் சூர்ய கர் இணையதளத்தில் கைப்பேசி எண்ணும் மின் இணைப்பு எண்ணும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ஒப்புதல் வந்ததும், அதே தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் இரண்டு மூன்றிடம் விலை கேளுங்கள். உள்நாட்டில் தயாரான செல்கள் கொண்ட தகடுகளுக்கு மட்டுமே மானியம் உண்டு. இறக்குமதித் தகட்டை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மானியம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மானியம் கடைசியில்தான் வரும். முழுத் தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். கையில் பணம் இல்லாதவர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் ஈடு கேட்காமல் கடன் தருகின்றன.

இன்னொன்று: பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, மின்தடை வந்தால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போகாமல் தடுத்து, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

5. மீட்டரும் பணமும்

பொருத்தியதும் நெட் மீட்டருக்கு (நாம் வாங்கும் மின்சாரத்தையும் வாரியத்துக்கு அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) விண்ணப்பியுங்கள். மின்வாரிய அலுவலர் வந்து சோதித்து, மீட்டர் மாட்டி, அறிக்கையைத் தளத்தில் ஏற்றுவார். அதன்பின் வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலையின் படத்தையும் நீங்கள் பதிய வேண்டும். மீட்டர் ஓடத் தொடங்கியதே போதும் என்று பலர் இந்தப் பக்கத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். பதிந்த பின் 30 நாட்களுக்குள் பணம் கணக்கில் சேரும் என்கிறது அரசு.